நான்கு சொட்டு

கம்மல், மோதிரம், இடுப்புப்பட்டை,
பல்லில் உலோகம் உண்டா, நெஞ்சில் கருவி உண்டா,
கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்தேன்.
"போன தடவையும் இதையேதான் கேட்டாய்" என்றாள்
நெலிதா ஓயார்சூன்.
தல்காவானோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவள்.
நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடித் தரைமேல் உட்கார்ந்து
கப்பலின் பெட்டியை லாரிக்கு மாற்றுவாள்,
தூங்கும் பிள்ளையைத் தோள் மாற்றுவதுபோல.
இப்போது மேலே ஏற்றுவதில்லை.
கீழே, வாயில் கொட்டகையில்,
முத்திரை எண் சரிபார்க்கும் வேலை.

மூன்றாம் முறை அவளுக்கு.
முதல் முறை காரணம் இருந்தது,
கணவன் வடக்கே போயிருந்தான், வேறொருத்தியோடு.
இரண்டாம் முறை காரணத்தைத் தேட வேண்டியிருந்தது.
இம்முறை தேடவேயில்லை.
"செவ்வாய்க்கிழமை ரொட்டி வாங்கப் போனேன்.
எத்தனை என்றான் கடைக்காரன்.
என்னிடம் பதில் இல்லை.
அங்கேயே தெரிந்தது, வந்துவிட்டதென்று."
பட்ட காலிலே படும்.

நான் படம் பிடிப்பவன்; மருத்துவன் அல்லன்.
காதுக்கு நேர் உள்ளே, இடம் ஒன்று, வலம் ஒன்று,
வளைந்து கிடக்கிறது கடற்குதிரை.
நேற்று செருப்பை எங்கே விட்டோம்,
போன மழைக்கு யார் குடை பிடித்தார்கள்
என்பதெல்லாம் அதன் பொறுப்பு.
முதல் படத்தின்மேல் இரண்டாம் படத்தை வைத்துக்
கணினி எல்லை வரைந்தது.
குறைந்திருந்தது.
இருபுறமும் சேர்த்து நான்கு சொட்டு,
கண்மருந்துக் குப்பியின் அடியில் மிஞ்சுவது.

"அந்த நான்கு சொட்டில் என்ன இருந்திருக்கும்?"
அன்று கேட்டிருந்தாள்.
நான் டாக்டர் இபாக்காசேயிடம் கேட்டேன்.
துயரம் தின்றதா,
சிறிதாய் இருந்ததால் துயரம் நுழைந்ததா,
எது முந்தியென்றே தெரியாது என்றார்.
பல நூறு தலைகளின் சராசரியில் தெரிவது
ஒரு தலையில் தெரிய வேண்டுமென்று
சட்டம் ஏதுமில்லை என்றார்.
சிலருக்குத் திரும்ப ஊறுவதும் உண்டு என்றார்.
பிறகு ஆரஞ்சு உரிக்கத் தொடங்கினார்.
இதையெல்லாம் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.
கடலில் நான்கு சொட்டு எம்மாத்திரம் என்றேன்.
மட்டமான பதில்.
அவள் சிரிக்கவில்லை.

குழலுக்குள் படுத்தாள்.
"ஏழு நிமிடம். தலை அசையக்கூடாது."
டக், டக், டக்.
பிறகு நீண்ட உறுமல்.
பிறகு மறுபடி டக், டக்.
கண்ணாடிக்கு இப்பால் நானும் ஆறிய காபியும்.
நான்காம் நிமிடம் திரையில் வரிவரியாய் அலை,
கல் விழுந்த குளம்.

"அசைந்தாய்."
"கை" என்றாள்.
வலது கையைத் தூக்கிப் பார்த்தாள்,
யாரோ கொடுத்துவைத்துப் போனதுபோல.
"பெட்டியின் நாலு மூலையிலும் பூட்டு விழும் சத்தம் அது.
விழுந்ததும் தூக்க வேண்டும்.
நான் ஒன்றும் நினைக்கவில்லை.
கை தானாகப் போய்விட்டது, லீவரைத் தேடி."

கையோடு தோள், தோளோடு தலை.
படிவத்தில் எழுதினேன்:
அசைவு. அளக்க இயலாது. மீண்டும் எடுக்க வேண்டும்.
எந்தக் கை, எதற்காக என்று எழுத
அதில் கட்டம் இல்லை.

அடுத்த வியாழன் என்றேன். தலையாட்டிப் போனாள்.
எஃகுக் கிண்ணத்தில் கம்மல் இரண்டும் கிடந்தன.
நடைக்கூடம் நீளம், அவள் நடை மெதுவு,
கூப்பிட்டிருக்கலாம்.
கூப்பிடவில்லை.
நினைவு வருகிறதா பார்ப்போம் என்று
கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நின்றேன்.
அளப்பவன் புத்தி.
அடுத்த ஆள் வந்து ஷூ கயிற்றை அவிழ்க்கும்போதுதான்
எனக்கே கூசியது.

வெள்ளைக் கோட்டோடு ஓடினேன்.
பேருந்து நிறுத்தத்தில், கடற்காற்றில்,
ஒரு விரலால் காதுமடலைத் தொட்டுத் தொட்டு நின்றிருந்தாள்.
"லேசாக இருந்தது" என்றாள்.
"எதனால் என்றுதான்
பார்த்துக்கொண்டிருந்தேன்."